மழை வந்தா திறக்காத கத்தி

மூணு நாளா விடாம மழை, ஓப்பினெல்னு ஒரு பிரெஞ்சு மடக்குக்கத்தி வச்சிருக்கேன், அது திறக்க மாட்டேங்குது. ரிப்பேர் எல்லாம் இல்ல. கைப்பிடி பீச் (beech) மரம், பழம் காய்க்கிற பீச் இல்ல, காத்துல ஈரம் ஏறுனா மரம் உப்பிக்கும், உப்புன மரம் பிளேடை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சிக்கும், பிளேடுல நகம் வைக்கிற பள்ளத்துல விரலை வச்சு எவ்ளோ இழுத்தாலும் நகம்தான் வலிக்கும். சென்னைல கடற்கரைக்குப் பக்கத்துல குடியிருந்துக்கிட்டு மரக் கைப்பிடி கத்தி வச்சிருந்தா ஐப்பசி கார்த்திகைல இது வருஷா வருஷம் நடக்கும். ஆனா இந்தக் கத்தி மேல எனக்குக் கோவமே வர்றதில்ல. என்கிட்ட இருக்குற 19 மடக்குக்கத்தில ரொம்பப் பிடிச்சது எதுன்னு கேட்டா யோசிக்காம இதைத்தான் காட்டுவேன்.

இந்தப் பழக்கம் அப்பாகிட்டேர்ந்து வந்தது. அப்பா பாக்கெட்ல எப்பவும் ஒரு பேனாக்கத்தி இருக்கும், பர்மா பஜார்ல வாங்குனது, பேரு ஊரு எதுவும் கிடையாது, சிப்பி மாதிரி மினுக்குற பிளாஸ்டிக் ஒட்டின கைப்பிடி, ரெண்டு பிளேடு. எனக்குப் பென்சில் சீவித் தர்றது, ஊர்லேர்ந்து பஸ்ல போட்டு விடுற மாம்பழக் கூடையோட சணலை அறுக்குறது, ஃபியூஸ் போச்சுன்னா வயர் சீவி மாட்டுறது எல்லாமே அதுலதான். யார் கேட்டாலும் கத்திய கைல குடுக்க மாட்டார், கீழ வைப்பார், கேட்டவங்க எடுத்துக்கணும். கைக்குக் கை குடுத்தா சண்டை வரும்னு ஊர்ல சொல்வாங்கல்ல, அந்தப் பழக்கம். நானும் இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான் குடுக்கறேன்.

அந்தப் பேனாக்கத்தி இப்ப என்கிட்டதான் இருக்கு. பெரிய பிளேடு தேஞ்சு தேஞ்சு பாதி அகலம்தான் மிச்சம். திறந்து விரலால அசைச்சா லொடலொடன்னு ஆடும், ஏன்னா பிளேடு மடங்குற இடத்துல இருக்குற ஆணி தேஞ்சிருச்சு. மடக்குக்கத்தின்னு எதை கைல எடுத்தாலும் நான் முதல்ல பாக்குற இடம் அந்த ஆணிதான். ஸ்டீல் என்ன, கைப்பிடி என்ன, கம்பெனி எதுங்குறதெல்லாம் அப்புறம். திறந்து வச்சுக்கிட்டு பிளேடை மேல கீழ, இடம் வலம் லேசா தள்ளிப் பாருங்க, ஆடலன்னா, ஆனா திறக்க மூட லகுவா இருக்குன்னா, செஞ்சவருக்கு வேலை தெரியும்னு அர்த்தம். இந்த ரெண்டும் ஒரே கத்தில சேந்து கிடைக்கிறதுதான் கஷ்டம்.

வேலைக்குப் போன முதல் வருஷம் ஆன்லைன்ல பாதி விலைக்கு ஒரு சுவிஸ் கத்தி வாங்கி ஏமாந்தேன். படத்துல சிவப்புக் கைப்பிடி, சிலுவை எல்லாம் சரியா இருந்துச்சு, கைக்கு வந்ததும் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா ஒவ்வொரு அடுக்குக்கு நடுவுலயும் கோடு கோடா வெளிச்சம் தெரியுது, கத்திரிக்கோல் பாதி மூடி நின்னுக்குது. அனுப்புனவர் பணமும் திருப்பித் தரல. அந்தக் கடுப்புல ஆறு மாசம் மிச்சம் பிடிச்சு விக்டரினாக்ஸ்ங்குற சுவிஸ் கம்பெனியோட ஒரிஜினல் கத்தி, கேடட்னு ஒரு மாடல், வாங்குனேன். 84 மில்லிமீட்டர், அலுமினியக் கைப்பிடி, அலாக்ஸ்னு சொல்வாங்க, சின்னச் சின்ன மேடா அச்சடிச்சிருக்கும், வேர்த்த கைல கூட வழுக்காது. ஒரு பிளேடு, நகம் ராவுற அரம், டின் ஓப்பனர், பாட்டில் ஓப்பனர், அவ்ளோதான். டின் ஓப்பனரோட முனை ஸ்டார் ஸ்க்ரூவுக்கும் பொருந்தும், அதை வச்சு நான் கழட்டி மாட்டுன சுவிட்ச் போர்டு எத்தனைன்னு கணக்கே இல்ல. மூடுறப்ப டக்குனு ஒரு சத்தம் வரும் பாருங்க, அந்த சத்தத்துக்காகவே சும்மா திறந்து திறந்து மூடிட்டு இருப்பேன்.

அந்த டக்குக்குப் பின்னாடி ஒரு பெரிய கதை இருக்கு. கார்ல் எல்சனர்னு ஒருத்தர் 1884-ல சுவிட்சர்லாந்துல இபாக்னு ஒரு ஊர்ல பட்டறை போடுறார். அப்போ சுவிஸ் ஆர்மி சிப்பாய்ங்களுக்கு ஒரு மடக்குக்கத்தி குடுக்க முடிவு பண்ணாங்க, புது ரைஃபிளைக் கழட்டவும் டின் சாப்பாட்டைத் திறக்கவும் ரெண்டுக்கும் ஆகணும், ஆனா அத்தனை ஆயிரம் கத்திய செய்ய உள்ளூர்ல வசதி இல்லாம முதல் ஆர்டர் ஜெர்மனில ஜோலிங்கனுக்குப் போயிருச்சு. நம்ம ஊரு சிப்பாய்க்கு நம்ம ஊர்லயே செய்யணும்னு எல்சனர் மத்த கத்திக்காரங்களைச் சேத்துக்கிட்டு 1891-ல சப்ளை ஆரம்பிச்சார். ஜோலிங்கன் விலைக்குக் குடுக்க முடியாம கூட இருந்தவங்க விலகிட்டாங்க, இவரு கடன்ல மாட்டிக்கிட்டார், ஆனாலும் விடல. 1897-ல ஆபீசர் கத்தின்னு ஒண்ணைப் பதிவு பண்றார், அதுல ஒரே ஸ்ப்ரிங் ரெண்டு பக்கத்து டூலையும் பிடிச்சு நிக்கும். முன்னாடி பிளேடு, முதுகுல கார்க் ஸ்க்ரூ, ரெண்டுக்கும் நடுவுல ஒரே பட்டை. அதனாலதான் அவ்ளோ டூல் இருந்தும் பாக்கெட்டுக்கு பாரமா இல்ல. அவங்க அம்மா பேரு விக்டோரியா, 1909-ல அவங்க தவறுனப்புறம் அந்தப் பேரையே கத்திக்கு வச்சார், 1921-ல துருப்பிடிக்காத ஸ்டீல் வந்ததும் அதோட பிரெஞ்சுப் பேரான இனாக்ஸை ஒட்டி விக்டரினாக்ஸ் ஆயிருச்சு. அம்மா பேரை தினமும் பாக்கெட்ல வச்சுக்கிட்டு சுத்துறோம்னு நினைக்கிறப்ப எனக்கு இப்பவும் ஒரு மாதிரி நெகிழ்ச்சியா இருக்கும்.

அந்த கேடட் இப்ப என்கிட்ட இல்ல. ஒரு தடவை அவசரமா ஃப்ளைட் பிடிக்கணும், லேப்டாப் பேக்கோட உள் ஜிப்புல கத்தி இருக்குறதையே மறந்துட்டேன், செக்யூரிட்டில பேகைத் தனியா எடுத்து வச்சுட்டாங்க. கேபின்ல கத்தி கூடாது, பெட்டியோட கீழ போட்டிருக்கணும், ரூல் எனக்கும் தெரியும், போர்டிங் மூடப் போற நேரம், திரும்பிப் போய் செக்-இன் பண்ண வழியே இல்ல. அந்த ஆபீசர் மரியாதையாதான் பேசினார், “வேற வழி இல்ல சார்”னு சொல்லி ஒரு தட்டுல போடச் சொன்னார். அந்தத் தட்டுல ஏற்கனவே ரெண்டு நெயில் கட்டர், ஒரு கத்திரிக்கோல், ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர். அஞ்சு வருஷம் கூடவே இருந்த பொருளை அதுங்க பக்கத்துல வச்சுட்டு பெல்ட்டை மாட்டிக்கிட்டு நடந்தேன். அப்புறம் அதே மாடல் வேற வாங்குனேன், நல்லாத்தான் இருக்கு, ஆனா பழசுல என் கை பட்டுப் பட்டு அந்த மேடெல்லாம் மழுங்கி இருக்கும், புதுசுல அது வர இன்னும் நாளாகும். இப்பல்லாம் ஊருக்குக் கிளம்புறதுக்கு முந்தின நாள் ராத்திரியே எல்லா பேகையும் கட்டில்ல கவுத்து ஜிப் ஜிப்பா பாத்துடறேன்.

ஓப்பினெலுக்கு வர்றேன். பிரான்ஸ்ல ஆல்ப்ஸ் மலைப் பக்கம் சவோய்னு ஒரு இடம், அங்க ஜோசப் ஓப்பினெல்னு ஒரு இளைஞர் 1890-ல செஞ்ச விவசாயி கத்தி. ஒரு பிளேடு, ஒரு மரக் கைப்பிடி, ஒரு ஆணி, ஆணியைச் சுத்தி ஒரு இரும்புப் பட்டை. 1 லேர்ந்து 12 வரைக்கும் நம்பர் போட்டு சைஸ் வச்சார், 1935-ல 1-ஐயும் 11-ஐயும் நிறுத்திட்டாங்க. 1955-ல மேல சுத்துற ஒரு வளையம் சேத்தாங்க, பிளேடைத் திறந்துட்டு வளையத்தைத் திருப்புனா மடங்காது. அவ்ளோதான் மாற்றம், 130 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கு வாங்குனாலும் கிட்டத்தட்ட அதே கத்திதான். பிளேடுல ஒரு கையும் மேல ஒரு கிரீடமும் முத்திரை இருக்கும். என்னோடது நம்பர் 8, பிளேடு எட்டரை சென்டிமீட்டர், கார்பன் ஸ்டீல். இதே சைஸ் துருப்பிடிக்காத ஸ்டீல்லயும் வருது, கடல் காத்துக்கு அதை வாங்குறதுதான் சரின்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கார்பனைத்தான் வாங்குனேன், ஏன்னா கார்பன் நிறம் மாறும்.

முதல் வாரம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஒரு மாங்கா நறுக்குனேன், புளிப்பு பட்ட இடத்துல மேகம் மாதிரி சாம்பல் படிஞ்சது. வெங்காயம் நறுக்குனா இன்னொரு நிறம். வாழைக்காய் சீவுனப்ப பால் பட்டு ஓரத்துல கருநீலமா ஒரு கோடு விழுந்தது, இன்னும் இருக்கு. பட்டினான்னு சொல்வாங்க. இந்தப் படலம் நல்லா பிடிச்சிருச்சுன்னா சிவப்புத் துரு சீக்கிரம் ஏறாது, ஆனா ஈரத்தோட விட்டா ஏறத்தான் செய்யும். 2015 டிசம்பர் வெள்ளத்துல எங்க தெருவுல மூணு நாள் கரண்ட் இல்ல, எதிர் வீட்டு சன்ஷேடுக்கு மறைப்பு கட்ட பழைய ஃப்ளெக்ஸ் பேனரை இந்தக் கத்தியாலதான் அறுத்துக் குடுத்தேன், அந்தக் கலவரத்துல துடைக்காம மடக்கிப் பாக்கெட்ல போட்டுட்டேன், காலைல பாத்தா முனைக்குப் பக்கத்துல செம்மண் மாதிரி துரு. தேய்ச்சு எடுத்தும் ஊசி குத்துன மாதிரி நாலு குழி நின்னு போச்சு. அந்த வாரம் எங்களைக் காப்பாத்துனது ஒரே ஒரு ஏஏ பேட்டரி போடுற விரல் நீள டார்ச். கொறைஞ்ச வெளிச்சத்துல வச்சா ராத்திரி பூரா எரியும், மாடிப்படில வயசானவங்களை இறக்கி ஏத்த அதுவே போதுமா இருந்துச்சு. அதுக்கப்புறம் டார்ச் இல்லாம நான் வெளிய போனதே இல்ல, போன்ல லைட் இருக்கேம்பாங்க, கரண்ட் இல்லாத ஊர்ல போன் சார்ஜை வெளிச்சத்துக்கு செலவு பண்ணக் கூடாதுன்னு அந்த மூணு நாள்ல தெரிஞ்சுக்கிட்டேன்.

துருவுக்கு எண்ணெய் போடணும், எல்லாரும் தேங்காய் எண்ணெய்னு சொல்வாங்க, நானும் போட்டேன், கொஞ்ச நாள்ல ஆணிக்கிட்ட பிசுபிசுன்னு ஆகி தூசியெல்லாம் சேந்துக்குது. இப்ப தையல் மிஷின் எண்ணெய்தான், ஒரு சொட்டு ஆணில, பிளேடுல விரலால தடவி விட்டா போதும்.

சாணை பத்தி ஒரு விஷயம் சொல்லியாகணும். எங்க தெருவுக்கு மாசம் ஒருக்கா சைக்கிள்ல சாணை பிடிக்கிறவர் வருவார், ஸ்டாண்டு போட்டு பெடலை மிதிச்சா முன்னாடி கல்லு சுத்தும், அரிவாமனைய வச்சா பொறி பறக்கும், சின்ன வயசுலேர்ந்து எனக்கு அதைப் பாக்க அவ்ளோ பிடிக்கும். ஒரு நாள் ஓப்பினெலை எடுத்துட்டுப் போய் நீட்டுனேன். அவர் வாங்கிப் பாத்துட்டு “இது ரொம்ப மெல்லிசு சார், கல்லு தாங்காது”ன்னார். நான்தான் பரவால்ல போடுங்கன்னேன். போட்டு முடிச்சுக் குடுத்தப்ப முனைல அரை இஞ்சுக்கு அழகா நீல நிறம் ஏறியிருந்துச்சு. அது என்னன்னு எனக்கு அப்ப தெரியல. பதம் போட்ட இரும்பு சூடாகுறப்ப முதல்ல வைக்கோல் மஞ்சள் வரும், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசில நீலம். நீலம் வந்துச்சுன்னா அந்த இடம் கிட்டத்தட்ட 300 டிகிரியத் தொட்டுருச்சு, கத்திக்குக் குடுத்த பதம் இறங்கிடும், இரும்பு மெத்துனு ஆயிடும். அப்படித்தான் ஆச்சு. ரெண்டு வெங்காயம் நறுக்குறதுக்குள்ள முனை மழுங்கிப் போகும். அந்தப் பெரியவர் மேல ஒரு தப்பும் இல்ல, கனமான அரிவாமனைக்கு அவர் கல்லுதான் சரி, அவர் முன்னாடியே சொன்னார், நான் கேக்கல.

அப்புறம்தான் தண்ணிக் கல்லு, அதாவது தண்ணில நனைச்சுத் தீட்டுற கல்லு வாங்கி நானே தீட்டப் பழகுனேன். ஆயிரம் கிரிட் ஒண்ணு, மூவாயிரம் ஒண்ணு, நம்பர் ஏற ஏற கல்லு நைசா இருக்கும். மூணு மாசம் ஒண்ணுமே சரியா வரல, தீட்டத் தீட்ட இன்னும் மழுங்கிக்கிட்டே போச்சு. காரணம் கோணம், ஒரு தடவை படுக்க வைக்கிறேன், அடுத்த தடவை நிமித்துறேன், கைக்கு அது தெரியல. மார்க்கர் பேனாவால விளிம்பு பூரா கறுப்பு பூசிட்டுத் தீட்டுனா எங்க மை போகுது எங்க நிக்குதுன்னு கண்ணுக்குத் தெரியும், மை மேல் பக்கம் போனா ரொம்பப் படுத்திருக்கோம், நுனில மட்டும் போனா ரொம்ப நிமித்திட்டோம். இந்த ஒரு வேலைய செஞ்சதும் ரெண்டே வாரத்துல கை பிடிபட்டுருச்சு. ஒரு பக்கம் போதுமான அளவு தீட்டிட்டோம்னா எதிர்ப் பக்க விளிம்புல பிசிர் எழும்பும், கட்டை விரலை முதுகுலேர்ந்து விளிம்பைத் தாண்டி வெளிப் பக்கமா லேசா தடவுனா சொரசொரன்னு படும், விளிம்போட நீளத்துக்குத் தடவவே கூடாது, அறுத்துடும். நுனிலேர்ந்து அடி வரைக்கும் பிசிர் வந்தப்புறம்தான் அடுத்த பக்கம் திருப்பணும். கடைசில பழைய தோல் பெல்ட்டுல முதுகுப் பக்கமா இழுத்து இழுத்து பிசிரை எடுத்துட்டு நியூஸ் பேப்பரை ஒரு கைல தொங்க விட்டு மேலேர்ந்து இறக்குனா ஸ்ஸ்னு ஒரு சத்தத்தோட ரெண்டா விழும். அந்த நீல முனைய தீட்டித் தீட்டியே எடுக்க ஒரு வருஷம் ஆச்சு, கத்தி மூணு மில்லிமீட்டர் குட்டையாயிருச்சு, ஆனா இப்ப முனையும் நிக்குது.

கார்பன், டி2, 440சி, சாண்ட்விக்னு ஸ்டீல் பேரா சொல்லி விலை பேசுறவங்க நிறைய பேரைப் பாத்திருக்கேன், நல்லாத் தீட்டுன சாதா ஸ்டீல் கத்திய அவங்க கைல குடுத்து ஒரு தக்காளிய வெட்டச் சொல்வேன். பொதுவா அதுக்கப்புறம் பேச்சு கல்லு பக்கம் திரும்பிடும்.

கத்தி வச்சிருந்தா போலீஸ் பிடிக்காதான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஆயுதச் சட்ட விதிப்படி 9 இஞ்சுக்கு மேல நீளமோ 2 இஞ்சுக்கு மேல அகலமோ இருக்குற பிளேடு லைசென்ஸ் கணக்குல வரும், வீட்டு வேலை, விவசாயக் கருவிங்களுக்கு அதுல விலக்கு இருக்கு. என் கத்தி எதுவும் நாலு இஞ்சைத் தாண்டாது. ஆனா சட்டத்தைத் தாண்டி இடம் பொருள் பாக்கணும், கோர்ட், மெட்ரோ, மால், கூட்டம் இருக்குற திருவிழான்னு போற நாள்ல எல்லாத்தையும் வீட்டுலயே வச்சுடுவேன். பட்டன் அமுக்குனா பாயுற கத்தி என்கிட்ட ஒண்ணு கூட கிடையாது, வாங்கவும் மாட்டேன், பழம் நறுக்க அது எதுக்கு?

என் கலெக்ஷன்ல கடைசியா சேந்ததுதான் எல்லாத்தையும் விட பழசு. அப்பாயியோட பாக்குவெட்டி. கும்பகோணத்துக்கிட்ட எங்க ஊர்ல அப்பாயி இடுப்புல ஒரு சுருக்குப்பை சொருகியிருக்கும், அதுக்குள்ள வெத்தலை, சுண்ணாம்பு டப்பி, கொட்டைப்பாக்கு, இந்தப் பாக்குவெட்டி, நாலணா எட்டணா சில்லறை. இப்ப எவரிடே கேரின்னு சொல்லிக்கிட்டு ஒரு ட்ரேல கத்தி, டார்ச், வாட்ச், பேனா எல்லாத்தையும் பரப்பி போட்டோ எடுக்கறோமே, அப்பாயி அறுபது வருஷம் அதை இடுப்புலயே வச்சிருந்தாங்க. பேசிக்கிட்டே பாக்கைப் பாக்காமலே சீவுவாங்க, ஒவ்வொரு சீவலும் ஒரே கனத்துல விழும். அவங்க போனப்புறம் அது என் கைக்கு வந்தப்ப ஆணி தேஞ்சு மேல் கத்தி ஒரு பக்கமா சாஞ்சு பாக்கை சீவாம நொறுக்குச்சு.

ஊர்ல இன்னும் ஒரு கொல்லுப்பட்டறை இருக்கு, அங்க கொண்டு போனேன். ஆசாரி பாத்த உடனே கத்திய விட்டுட்டு ஆணியத்தான் தொட்டார். “கத்தி நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆணிதான் போயிருச்சு”ன்னார். பழைய ஆணிய உளியால தட்டி வெளிய தள்ளி, ஓட்டைய அளந்து அதுக்கு ஏத்த மாதிரி ஒரு கம்பிய அறுத்து, ராவி உள்ள விட்டார். அடிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல கிடந்த தினத்தாளோட ஓரத்தைக் கிழிச்சு எண்ணெய்ல நனைச்சு பாக்குவெட்டியோட ரெண்டு கைக்கும் நடுவுல சொருகுனார். எதுக்குன்னு கேட்டேன். “ஒரேயடியா இறுக்கிட்டா அசையாது, விட்டுட்டா ஆடும். இந்தக் காயித கனம் இடம் இருந்தா போதும்”னு சொல்லிட்டு சின்ன சுத்தியால ஆணித் தலைய சுத்திச் சுத்தி டிக் டிக்னு தட்டுனார், ஓங்கி ஒரு அடி கூட இல்ல. ரெண்டு பக்கமும் குடை மாதிரி விரிஞ்சதும் காகிதத்தை உருவி எடுத்துட்டு திறந்து மூடிக் காட்டுனார், சத்தமே வரல. நான் எத்தனையோ கத்தில தேடுன அந்தப் பக்குவம் பத்து நிமிஷத்துல என் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு. முப்பது ரூபா வாங்கிக்கிட்டார், நூறு குடுத்தும் மிச்சத்தைத் திருப்பிக் குடுத்துட்டார். அடுத்த தடவை அப்பாவோட பேனாக்கத்தியையும் எடுத்துட்டுப் போகணும்.

இன்னிக்கு சாயங்காலம் கொய்யாப்பழம் வாங்கிட்டு வந்திருந்தோம். பாப்பாவுக்கு எட்டு வயசு, உப்பும் மிளகாப்பொடியும் கலந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கத்தி திறக்கல. அந்த சவோய் ஊர்க்காரங்களே இதுக்கு ஒரு வழி வச்சிருக்காங்க, வளையத்தைத் திறந்து வச்சுட்டு கைப்பிடியோட வால் முனைய கெட்டியான இடத்துல ஒரு தட்டு தட்டுனா பிளேடோட நுனி தானா வெளிய எட்டிப் பாக்கும். மேஜை ஓரத்துல தட்டுனேன், வரல. இன்னொண்ணு, கொஞ்சம் அழுத்தி. கருநீல நுனி ஒரு மயிரிழை வெளிய வந்துச்சு, பிடிச்சு இழுத்துத் திறந்து வளையத்தைத் திருப்புனேன். பழத்தை நாலா வகுந்து, கத்திய துடைச்சு மடக்கி அவ முன்னாடி கீழ வச்சேன்.

“மறுபடியும் மாட்டிக்கிச்சாப்பா? இப்ப நான் தட்டறேன்”னா.